முதல் பக்கத்தில் பிணம்... கடைசிப் பக்கத்தில் தீ!



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, 'இந்தக் காலத்துப் பெண்களுக்கு நாவல் படிக்கிற பழக்கமே போய்விட்டது. சீரியல், செல்போன் இரண்டுதான் கதி' என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அந்தச் சகோதரி என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது. பழக்கம் போகவில்லை. புத்தகம் இருந்த இடத்தில் செல்போன் வந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும்! ஆனால் என்ன படிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் பத்தாவது வரை படித்த ஒரு குடும்பத் தலைவி. 1993-ல் கல்யாணமாகி சுங்குவார்சத்திரம் பக்கம் வந்தேன். அப்போது எங்கள் உறவுக்காரர்கள், "ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துலயா பொண்ணைக் குடுத்திருக்கீங்க?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். 1991 மே 21-ஆம் தேதி ராத்திரி ராஜீவ் காந்தி கொலையானதற்கு அப்புறம், ராமானுஜர் அவதரித்த ஊர் என்கிற பெயர் போய் குண்டு வெடித்த ஊர் என்றுதான் எல்லாருக்கும் எங்கள் பக்கம் தெரியும். அந்த வழக்கை விசாரித்த தலைமைப் புலனாய்வு அதிகாரி ரகோத்தமன் எழுதிய புத்தகத்தைப் பல வருடம் கழித்துப் படித்தேன். செத்துப்போன போட்டோகிராபரின் கேமராவுக்குள் இருந்த பிலிம்தான் முதல் துப்பு என்று வருகிறதே, அந்த இடத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. எந்தத் துப்பறியும் நாவலும் அதற்கு ஈடாகாது. எங்கள் ஊருக்கும் மர்மக் கதைக்கும் அப்படி ஒரு சம்பந்தம்!

கல்யாணமான புதிதில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் வரிசையாகக் கயிற்றில் கிளிப் போட்டு மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். க்ரைம் நாவல், பாக்கெட் நாவல், மாலைமதி, ராணிமுத்து... எங்க வீட்டுக்காரர் காஞ்சிபுரம் போய்விட்டு வரும்போது ஒன்று வாங்கி வருவார். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் எல்லாரும் எனக்கு அப்படித்தான் பழக்கமானார்கள். மாமியாருக்கு முதலில் பிடிக்காது. "குடும்பத்துப் பொண்ணு கொலைக் கதை படிக்கிறதா?" என்பார். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படிப்பேன். ஒரு மழைக்காலத்தில் கரண்ட் இல்லாதபோது, பொழுது போகாமல் சிம்னி வெளிச்சத்தில் அவருக்கும் வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "ஏம்மா, அந்த விவேக்கு கண்டுபிடிச்சானா இல்லியா?" என்றாரே பார்க்கலாம்! அன்றிலிருந்து நாவலுக்கு டிரம் மறைவு தேவைப்படவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாத நாவல்களை மட்டமாகப் பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என்னைப் போன்றவர்களுக்கு ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை கொண்டு போகிற தெம்பைக் கொடுத்தவை அவைதான். 1,500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கும் ராஜேஷ்குமார் இல்லாவிட்டால் எத்தனை வீடுகளில் படிக்கிற பழக்கமே வந்திருக்காது! 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் காலமானபோது எங்கள் வீட்டில் சொந்தக்காரர் போனது போல இருந்தது. 'மர்ம தேசம்' தொடர் ஓடிய நாட்களில் எங்கள் தெருவே வாசலை அடைத்துவிட்டு டி.வி. முன்னால்தான் இருக்கும்.

அப்புறம் எங்கள் பக்கம் மாறிப்போனது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. ஒரகடத்தில் கார், லாரி, புல்லட் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். வேர்க்கடலை விளைந்த நிலத்தில் எல்லாம் காம்பவுண்டு சுவர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி ஒரு பெரிய விடுதியே திறந்தார்கள். ஒரு ஊர் ஜனத்தொகை மொத்தமும் பொம்பளைப் பிள்ளைகள்!

நாங்களும் மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஆறு பெண்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி பக்கத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் இருபதிலிருந்து இருபத்து நாலு வயதுக்குள். மூன்று ஷிப்ட். ஒருத்தி தூங்கும்போது ஒருத்தி கிளம்புவாள். என்னை 'ஆன்ட்டி' என்பார்கள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாதாம், லாக்கரில் வைத்துவிட வேண்டுமாம். ஆகவே ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து கதை! பிரதிலிபி மாதிரி ஆப்களில் தினம் ஒரு அத்தியாயம். சமைக்கும்போது யூடியூபில் 'ஆடியோ நாவல்'. எழுதுகிறவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான். அது எனக்கு ரொம்பப் பெருமை.

ஆனால் அவர்கள் சொல்லி நானும் ஒரு பத்துப் பன்னிரண்டு கதைகளைப் படித்தேன். அதில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

எல்லாக் கதையும் அப்படி இல்லை. நல்ல கதைகளும் இருக்கின்றன. ஆனால் 'ஆன்ட்டி ஹீரோ' கதை என்று ஒரு வகை. நான் முதலில் என்னைத்தான் சொல்கிறார்களோ என்று நினைத்தேன்! கெட்ட குணமுள்ள கதாநாயகன் என்று அர்த்தமாம். அவன் பெரிய பணக்காரன். யார் மேலோ உள்ள பழியைத் தீர்க்க, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணைக் காரில் தூக்கிப் போய்க் கட்டாயமாகத் தாலி கட்டுவான். அறைவான், அறையில் பூட்டுவான். முப்பது அத்தியாயம் அவள் அழுவாள். அப்புறம் அவனுக்குள்ளும் ஒரு குழந்தை மனசு இருக்கிறது என்று இவளுக்குத் தெரியவரும். முடிவில் வளைகாப்பு. கீழே பார்த்தால் நூற்றுக்கணக்கில் 'சூப்பர் சிஸ்', 'ஹீரோ செம்ம' என்று எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் காலத்திலும் காதல் கதை படித்தோம். ரமணிசந்திரன் கதைகளைப் படித்து உருகாத பெண் உண்டா? அதிலும் கோபக்காரக் கதாநாயகன் வருவான், தப்பாகப் புரிந்துகொண்டு வார்த்தையால் சுடுவான். ஆனால் நான் படித்த கதைகளில் அந்தப் பெண்களுக்கு ஒரு ரோஷம் இருக்கும். இந்தப் புதுக் கதைகளில் பயத்தையே சர்க்கரைப் பாகில் முக்கிக் கொடுக்கிறார்கள்.

"கதைதானே, இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருடம் அந்தச் சம்பவம் நடக்கும்வரை.

மாடியில் இருக்கும் பெண்களில் சின்னவளை ஒருத்தன் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பின்தொடர்ந்து வந்திருக்கிறான். எந்த கம்பெனி, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இரண்டு மாதமாக நடந்திருக்கிறது. ஒரு நாள் போனைப் பிடுங்கி நம்பரை எடுத்துக்கொண்டான். இன்னொரு நாள் கையைப் பிடித்து, "வேற எவன்கிட்டயாவது பேசினே, தூக்கிட்டுப் போய்த் தாலி கட்டிடுவேன்" என்று சொல்லியிருக்கிறான். இதை அவள் என்னிடம் எப்படிச் சொன்னாள் தெரியுமா? சிரித்துக்கொண்டே! துணி காயப்போட்டுக்கொண்டே, "அப்படியே கதையில வர்ற மாதிரி இருக்கான் ஆன்ட்டி" என்றாள். மணிக்கட்டில் விரல் தடம் சிவப்பாக இருந்தது. அவளுக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை. தன்னையும் ஒருத்தன் இவ்வளவு தீவிரமாக விரும்புகிறானே என்று ஒரு பூரிப்பு.

எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை.

மறுநாள் மற்ற ஐந்து பெண்களையும் கூட்டி வைத்துப் பேசினேன். அவர்களில் பெரியவளுக்குத்தான் முதலில் உறைத்தது. "ஏய், அவன் உன்னை லவ் பண்ணலடி, மிரட்டுறான்டி" என்று போட்டாளே ஒரு போடு! எங்க வீட்டுக்காரர் பதினைந்து நாள் பஸ் நிற்கும் இடம் வரை துணைக்குப் போனார். அப்புறம் நானும் அந்தப் பெண்ணும் மகளிர் காவல் நிலையத்துக்கே போனோம். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதுச் சட்டத்தில் 78-வது பிரிவு பின்தொடர்வதற்கு, 87-வது பிரிவு கட்டாயக் கல்யாணத்துக்காகக் கடத்துவதற்கு, அதற்குப் பத்து வருடம் வரை சிறை என்று விளக்கினார். நம் தமிழ்நாட்டில் 1998-லேயே பெண்களைத் தொல்லை செய்வதைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்ததையும் சொன்னார். '181' என்ற எண்ணைப் போனில் பதிய வைத்தார். அவனைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். அதோடு அவன் வருவதில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டாள், "பத்து வருஷமா ஆன்ட்டி? அப்ப நான் படிச்ச ஹீரோ எல்லாம் ஜெயில்லதான் இருக்கணும்!" எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இதோடு முடிந்திருந்தால் 'பெண்களே, கெட்ட நாவலைப் படிக்காதீர்கள்' என்று நான்கு வரியில் எழுதிவிட்டு உலை வைக்கப் போயிருப்பேன். அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது.

'நல்ல நாவல் எது என்று இவளுக்குக் காட்டுகிறேன் பார்' என்று நினைத்து, என் அலமாரியிலிருந்து இரண்டு புத்தகங்களைக் கொடுத்தேன். ஒன்று, இமையம் எழுதிய 'செல்லாத பணம்'. 2018-ல் வந்து, 2020-க்கான சாகித்ய அகாடமி விருது பெற்றது. இன்னொன்று பெருமாள்முருகனின் 'பூக்குழி'. 2013-ல் வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டுமே நான் காஞ்சிபுரம் புத்தகத் திருவிழாவில் வாங்கியவை.

'செல்லாத பணம்' கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தலைமையாசிரியரின் மகள் ரேவதி. இன்ஜினீயரிங் படித்தவள். பர்மாவிலிருந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிற்பாடு தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அப்பா கையில் லட்சக்கணக்கில் பணம். ஒரு பைசாவும் செல்லவில்லை. அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா என்பது கடைசிவரை நமக்குத் தெரியாது. தீக்காய வார்டுக்கு வெளியே அந்த அம்மா உட்கார்ந்திருப்பதைப் படித்தபோது நானும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பொறி பறக்க ஓடுகிற எந்த க்ரைம் நாவலும் எனக்கு அந்தப் படபடப்பைத் தந்ததில்லை.

'பூக்குழி'யில் சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன் வேறு ஜாதிப் பெண் சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். முடிவை நான் சொல்ல வேண்டாம். தலைப்பே சொல்லும். அதே 2013-ல்தான் தர்மபுரி இளவரசனின் மரணத்தைப் பேப்பரில் படித்துத் தவித்தோம். மாடியில் ஒரு பெண் தர்மபுரிக்காரி என்பதால் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கவே எனக்குக் கை நடுங்கியது.

பத்து நாள் கழித்து இரண்டையும் திருப்பிக் கொடுக்க வந்தாள் சின்னவள். கதவோரம் நின்றுகொண்டு கேட்டாள்:

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. நீங்க நல்ல நாவல்னு குடுத்தீங்க. ஒண்ணுல முதல்லயே பொண்ணு எரிஞ்சு கிடக்கிறா. இன்னொண்ணுல கடைசியில நெருப்பு. நீங்க படிக்கிற க்ரைம் நாவல்ல முதல் பக்கத்துலயே ஒரு பொண்ணு பொணமாக் கிடக்கிறா. நான் படிக்கிற கதையிலதான் அவ உசுரோட இருக்கா, புருஷன் புள்ளைன்னு நல்லா இருக்கா. எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்ற நான் எதைப் படிக்கிறது, சொல்லுங்க?"

தோழியரே, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முப்பது வருடமாகப் படிக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லையே! யோசித்துப் பாருங்கள். எத்தனை க்ரைம் நாவலின் முதல் அத்தியாயத்தில் குப்பைத்தொட்டிப் பக்கமோ, ரயில் பாதை ஓரமோ, லாட்ஜ் அறையிலோ ஒரு இளம் பெண்ணின் உடல்! அவள் பெயர் பத்தாம் பக்கத்தில் நமக்கே மறந்துவிடும். அப்புறம் இன்ஸ்பெக்டர், ஜீப், துப்பு, துரத்தல். நானும் எத்தனை தரம் கடலை கொறித்துக்கொண்டே அந்தப் பிணத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்!

இரண்டு நாள் யோசித்து, அவளுக்குச் சொல்ல என்னிடம் பாதி பதில்தான் கிடைத்தது. அதை இங்கேயும் சொல்கிறேன்.

இமையமும் பெருமாள்முருகனும் அந்தப் பெண்களை வேடிக்கைக்காக நெருப்பில் போடவில்லை. நிஜத்தில் நடப்பதை, நாம் பேப்பரில் ஒரு பத்தியாகப் படித்துவிட்டுப் புரட்டிப் போவதை, 'புரட்டாதே, நின்று பார்' என்கிறார்கள். ரேவதிக்காக அழுதபின், அடுத்த தடவை பக்கத்து வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டால் நாம் டி.வி. வால்யூமைக் கூட்ட மாட்டோம். 'தூக்கிப் போய்த் தாலி கட்டும்' கதை அதற்கு நேர் எதிர். வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காமல் மரத்துப்போக ஊசி போடுகிறது. மணிக்கட்டில் தடம் விழுந்தாலும் சிரிக்க வைக்கிறது. வித்தியாசம் இதுதான்.

ஆனால் அவள் கேள்வியின் மறுபாதி நியாயமானது. சம்பாதித்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, பயந்து, துணிந்து, உயிரோடும் இருக்கிற பெண்ணின் கதை எங்கே? நான் தேடியவரை சில கிடைத்தன.

அம்பை எழுதிய 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. 2014-ல் வந்த புத்தகம். சுதா குப்தா என்று மும்பையில் ஒரு பெண் துப்பறிவாளர். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. வீடு, குடும்பம், சமையல் நடுவில் துப்புத் துலக்குகிறார். மனிதர்களை உற்றுப் பார்த்தே விஷயத்தைக் கண்டுபிடிக்கிறார். பால் கணக்கு, மளிகைக் கணக்கு பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற நமக்கெல்லாம் அந்த சுதா ரொம்ப நெருக்கமாக இருப்பார்! 2021-ல் அம்பைக்கு வேறொரு தொகுப்புக்காக சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் இந்தப் புத்தகத்துக்கும் ஒன்று கொடுக்கலாம்.

திலகவதி எழுதிய 'கல்மரம்' இன்னொன்று. கட்டட வேலை செய்கிறவர்களின் வாழ்க்கை. போலீஸ் அதிகாரியாக இருந்தவர், லத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சித்தாள் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதியது போல இருக்கும். 2005-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. அந்தந்த இடத்துக்கே போய்த் தங்கி, மக்களோடு பேசிவிட்டு எழுதிய அம்மையார் அவர்.

இப்போது எழுத்தாளர்களுக்கு என் கோரிக்கை.

திருப்பூரைப் பற்றிச் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை', எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' எல்லாம் இருக்கின்றன. பழைய மாமல்லபுரம் சாலையின் கம்ப்யூட்டர் கம்பெனிகளைப் பற்றி விநாயக முருகன் 'ராஜீவ்காந்தி சாலை' எழுதினார். அரசு பஸ் டிப்போவில் தினக்கூலியாக வேலை பார்க்கிறவர்களைப் பற்றிக் கண்மணி குணசேகரன் 'நெடுஞ்சாலை' எழுதினார். எங்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பெண்களுக்கு என்று ஒரு நாவல் இதுவரை என் கைக்கு வரவில்லையே! வந்திருந்தால் தெரிந்த சகோதரிகள் எழுதுங்கள், அன்றே வாங்கிவிடுகிறேன்.

கதைக்கா இங்கே பஞ்சம்? 2021 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு விஷமாகி, நூற்றைம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்தேபோய்விட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. கூட இருந்தவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் ராத்திரியில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மார்கழிப் பனி. லாரிகள் மைல் கணக்கில் நின்றன. 'என் தோழி எங்கே?' - இதைவிட ஒரு மர்ம நாவலுக்கு என்ன வேண்டும்? நல்லவேளை, யாரும் இறக்கவில்லை. பிற்பாடு விடுதிகளைச் சரிசெய்தார்கள், 2022 ஜனவரியில் தொழிற்சாலை திரும்பத் திறந்தது. முதல் பக்கத்தில் பிணம் இல்லாமல், ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வைக்கிற கதை இது. எழுதத்தான் ஆள் இல்லை.

பெரிய சம்பவம்கூட வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு இருட்டில் பஸ்ஸுக்கு நிற்பவள், மாதக் கடைசியில் தம்பி பீஸுக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தனக்கு பன் வாங்கிச் சாப்பிடுபவள், கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று காலண்டரைப் பார்ப்பவள்... ஒவ்வொன்றும் ஒரு நாவல். காதலும் வையுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அவள் சம்மதத்தைக் கேட்டுவிட்டுக் காதலிக்கிற ஒரு பையனையும் கதாநாயகன் ஆக்குங்களேன். சுவாரஸ்யம் குறைந்தா போய்விடும்?

கொலைக் கதை எழுதும் ஐயாமார்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பிணம் இல்லாமல் கதை தொடங்காது என்றால், அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் பத்துப் பக்கம் சொல்லுங்கள். அவளுக்கு அம்மா உண்டு, அட்வான்ஸ் பாக்கி உண்டு, பாதியில் நிறுத்திய தையல் கிளாஸ் உண்டு. கொன்றவன் யார் என்பதோடு போனவள் யார் என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆன்லைனில் எழுதும் சகோதரிகளே, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறீர்கள். நூறு வருடம் முன்னாலேயே வை.மு. கோதைநாயகி அம்மாள் என்ற குடும்பத் தலைவி 115 நாவல்கள் எழுதி, 'ஜகன்மோகினி' பத்திரிகையும் நடத்தியிருக்கிறார். துப்பறியும் கதையும் அதில் உண்டு. நீங்கள் அந்த வழியில் வந்தவர்கள். உங்கள் வாசகி விடியற்காலை பஸ்ஸில் தனியாகப் போகிற பெண் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதும் கதாநாயகனின் சாயலில் ஒருத்தன் அந்த பஸ் நிற்கும் இடத்தில் நிஜமாகவே நிற்கிறான்.

கடைசியாக அம்மாமார்களுக்கு. பிள்ளைகளின் போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் என் மாமியார் காலத்து அரிசி டிரம் மாதிரி வேறு மறைவிடம் வரும், அவ்வளவுதான். 'என்ன கதைடி படிக்கிறே, எனக்கும் கொஞ்சம் சொல்லேன்' என்று பக்கத்தில் உட்காருங்கள். கட்டாயத் தாலி கட்டும் இடம் வரும்போது, 'உனக்கு இப்படி நடந்தா என்னடி செய்வே?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். போதும்.

இப்போது எங்கள் வீட்டு மாடிப்படியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் இல்லாதவர்கள் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். டீ என் பொறுப்பு. சுதா குப்தாவைச் சின்னவள் படித்து முடித்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி, ஆனா கொஞ்சம் லவ் இருந்திருக்கலாம்" என்றாள்! போன வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்திருக்கிறாள். என்னடி எழுதப்போகிறாய் என்று கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணி பஸ்ஸுல வர்ற ஒரு பொண்ணு கதை. அவ கடைசி வரைக்கும் உசுரோட இருப்பா ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்றாள்.

முதல் வாசகியாக நான் காத்திருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், சகோதரிகளே?

- ஒரு வாசகி,
சுங்குவார்சத்திரம்.